கேட்டிலிருந்து போர்டிகோ வரை: பழைய தார்ப் பாதைக்கு மேலே புதுசாகத் தாரும் ஜல்லியும்

கேரளத்தில் கரிசல் மண் இருக்கிற இடம் எங்கள் சித்தூர் தாலுக்காதான். கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று எல்லையை ஒட்டிப் போகிற ஊர்களில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்த மண்ணின் குணம் தெரியும். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை வந்தால் தண்ணீரைக் குடித்து ஊதும். விவசாயத்துக்கு அருமையான மண். அதன் மேல் தார்ப் பாதை போட்டவர்களுக்குத்தான் கஷ்டம்.

எங்கள் வீட்டில் கேட்டிலிருந்து போர்டிகோ வரை 60 அடி நீளம், 10 அடி அகலம். அதில் போட்ட தார் தேய்ந்து, ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு காண்டிராக்டரை வைத்து மேலே புதுசாகத் தாரும் சிப்ஸும் (பொடி ஜல்லி) போட்டேன். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி மூன்றாவது வாரம், வாசல் பெருக்கும்போது சிப்ஸ் கல் துடைப்பத்தோடு வந்தது. ஒன்றிரண்டு கல் இல்லை, முறம் நிறைய வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லும் கழுவி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது, தார் ஒட்டிய அடையாளமே இல்லை. அடுத்த வருடம் நானே முன்னால் நின்று, வேலந்தாவளத்தில் இருந்து வந்த ஒரு பழைய தார் மேஸ்திரியையும் இரண்டு ஆட்களையும் வைத்து மறுபடி செய்தேன். அது நிற்கிறது. அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை, முதல் முறை செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த வேலை என்ன செய்யும், என்ன செய்யாது

பாதை மேல் தாரை ஊற்றி, அது காய்வதற்குள் சின்ன ஜல்லியைத் தூவி, உருட்டி அமுக்குவதுதான் இந்த வேலை. ரோட்டு இன்ஜினியர்கள் சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங் என்பார்கள். பாலக்காட்டுப் பக்கம் சிப்பிங் கார்ப்பெட் என்று சொல்வது வேறு. அதில் கல்லையும் தாரையும் முதலிலேயே கலந்து 20 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்புவார்கள். யாரிடமாவது விலை கேட்கும்போது எது என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள், இரண்டுக்கும் செலவு வேறு.

நாம் இதையே இரண்டு தடவை, இரண்டு பூச்சாகப் போடுகிறோம். இரண்டும் சேர்ந்து அரை இஞ்சை ஒட்டித்தான் வரும். அது தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், டயருக்குப் பிடிப்புக் கொடுக்கும். பாரம் தாங்குவது அதன் வேலை இல்லை. பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கிற கிராவலும் பெரிய ஜல்லியும்தான். அடித்தளம் தொய்ந்துபோன பாதைக்கு மேலே எவ்வளவு நல்ல தார் ஊற்றினாலும் ஒரு மழைக்காலம் தாண்டாது. அதனால் தார் டிரம்மைத் திறப்பதற்கு முன் செய்கிற வேலைதான் முக்கால்வாசி வேலை. காண்டிராக்டர்கள் அவசரப்படுவதும் அங்கேதான்.

பாதை ஏற்றமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். ஊற்றிய தார் கீழே வழிந்து ஓடும், மேலே கல் ஒட்டாது. அதற்குக் காங்கிரீட்தான் சரி. போர்டிகோவுக்குள் வண்டி நிற்கிற இடத்தையும் விட்டுவிடுங்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் சொட்டினால் தார் கரைந்து குழையும்.

எப்போது செய்வது

பிப்ரவரி மாதம். இரண்டு மழைக்காலமும் முடிந்து அடி மண் காய்ந்திருக்கும், வெயிலும் வந்திருக்கும். மார்ச் கடைசிக்கு மேல் கோடை மழை எந்த மாலையில் வரும் என்று சொல்ல முடியாது. போட்ட தார் இறுகுவதற்குள் மழை விழுந்தால் அத்தனையும் பழுப்புத் தண்ணீராகச் சாக்கடைக்குப் போய்விடும். இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் மழை இல்லாத நாளாகப் பாருங்கள்.

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தை, மாசியில் கிழக்கே இருந்து வீசுகிற காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரத் தாரின் மேல் போடும். ஊற்றுகிற தாரையும் காம்பவுண்டுச் சுவரில் தெளிக்கும். நாங்கள் காற்று அடங்கிய ஒரு நாளுக்காக நான்கு நாள் காத்திருந்தோம். சுவரின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பழைய சேலைகளைக் கட்டிவிட்டோம்.

முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

ஒரு ஹோஸைப் போட்டுப் பாதை முழுக்கத் தண்ணீர் விடுங்கள். அரை மணி நேரம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டம்தான் உங்கள் வேலைப் பட்டியல். பாதையின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்க வேண்டும். 10 அடி அகலத்துக்கு நடுவில் ஒன்றரை இஞ்ச் உயரம் இருந்தால் தண்ணீர் தானாக இரண்டு பக்கமும் ஓடிவிடும். ஓரத்தில் ஓடிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் தென்னைக்குப் போட்ட பாத்தி பாதையை ஒட்டியே இருந்தது. தினமும் தென்னைக்கு விட்ட தண்ணீர் பாதையின் அடியில் இருந்த கரிசலை ஊற வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. பாத்தியை இரண்டடி தள்ளி வெட்டினோம். செலவே இல்லாத வேலை அது, ஆனால் எல்லாவற்றையும் விட அதிகப் பலன் தந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, குனிந்து டயரின் பக்கத்தைப் பாருங்கள். எங்காவது தார் மெத்தை மாதிரி அமுங்கி எழுந்தால் அந்த இடத்தில் அடித்தளம் போய்விட்டது. அங்கே தோண்டித்தான் ஆக வேண்டும். ஓரடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்து, மேலே ஒன்றரை இஞ்ச் ஜல்லி பரப்பி, இடுக்குகளில் கிரஷர் பொடியைத் தண்ணீரோடு இறக்கி மறுபடி இடிக்க வேண்டும். தோண்டி எடுத்த கரிசலையே திரும்பப் போட்டு மூடுகிற ஆட்கள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள்.

குழிகளை அடைக்கும்போது அதன் ஓரங்களை உளியால் நேராக, சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். சட்டி மாதிரி சரிந்த ஓரம் இருந்தால் போட்ட ஒட்டு கழன்று வரும். உள்ளே புழுதியைத் துடைத்து, ஓரத்திலும் அடியிலும் எமல்ஷன் (காய்ச்சாமலே ஊற்றுகிற தார், கீழே சொல்கிறேன்) தடவி, முக்கால் இஞ்ச் ஜல்லியும் சிப்ஸும் எமல்ஷனில் கலந்து இரண்டு இஞ்ச் இரண்டு இஞ்சாகப் போட்டு திமிசுக் கட்டையால் இடியுங்கள். ஒரு வாரம் வண்டி ஓடட்டும். அமுங்கினால் மேலே இன்னும் கொஞ்சம் போடலாம்.

வெடிப்பில் கோரை முளைத்திருந்தால் மேலே வெட்டினால் போதாது. அதன் கிழங்கு தாரைக் குத்திக்கொண்டு வரும். வெடிப்பைக் கிளறிக் கிழங்கோடு எடுங்கள்.

பாதையின் இரண்டு ஓரத்திலும் ஏதாவது ஒரு பிடிமானம் வேண்டும். ஒரு வரிசை ஹாலோ பிளாக்கோ கருங்கல்லோ புதைத்தால் போதும். இல்லாவிட்டால் தார் ஓரத்தில் இருந்து பிஸ்கெட் மாதிரி உடைந்து வரும்.

எந்தத் தார்

தார் என்று நாம் சொல்வது பெட்ரோலியத்தில் இருந்து வருகிற பிட்டுமன். அதைக் காய்ச்சி ஊற்றுவது ஒரு முறை, எமல்ஷனாக ஊற்றுவது இன்னொரு முறை. காய்ச்சிய தார் 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும். வீட்டு வாசலில், குழந்தைகளும் நாயும் ஓடுகிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். எமல்ஷன் என்பது தாரை நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் கலந்து வைத்தது. காய்ச்ச வேண்டாம், கல் லேசாக ஈரமாக இருந்தாலும் ஒட்டும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் எமல்ஷனைத்தான் சொல்வேன்.

கடையில் "தார் எமல்ஷன்" என்று மட்டும் கேட்காதீர்கள். இதில் வகை உண்டு. இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 8887-இல் வருகிற ஆர்.எஸ்.-2 என்ற வகைதான் கல் தூவுவதற்கு. சீக்கிரம் இறுகும், குறைந்தது 67 சதவீதம் தார் இருக்கும். ஆர்.எஸ்.-1 தண்ணீராக ஓடும், பழைய தாருக்கும் புதுத் தாருக்கும் நடுவில் தடவத்தான் ஆகும். எஸ்.எஸ்.-1 மெதுவாக இறுகுவது. பழைய தார் முழுக்கப் போய் வெறும் ஜல்லியும் கிராவலும் தெரிகிற இடத்தில் முதலில் இதை ஊற்றி ஒரு நாள் ஊற விட வேண்டும், சதுர மீட்டருக்கு 800 கிராம் போதும். ஆர்.எஸ்.-2-இல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கக் கூடாது. கலந்தால் திரிந்த பால் மாதிரி ஆகிவிடும்.

எந்தக் கல், எவ்வளவு

முதல் பூச்சுக்கு அரை இஞ்ச் ஜல்லி, இரண்டாவதுக்குக் கால் இஞ்ச் சிப்ஸ். எங்களுக்குக் கல் கிணத்துக்கடவுப் பக்கத்து கிரஷரில் இருந்து வருகிறது. எல்லை தாண்டி வருகிற லோடுக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டி வழியில் நிற்கும். கல் கனசதுரம் மாதிரி இருக்க வேண்டும். சில்லு சில்லாகத் தட்டையாக இருந்தால் படுத்துக்கொண்டு தாரில் மூழ்கிவிடும்.

அளவு விஷயத்தில்தான் முதல் தடவை ஏமாந்தேன். யூனிட் கணக்கில் இரண்டு யூனிட் இறக்கினார்கள், அதாவது 200 கன அடி. உண்மையில் எவ்வளவு வேண்டும் தெரியுமா? சர்ஃபேஸ் டிரெஸ்ஸிங் வேலைக்கு நெடுஞ்சாலைக்காரர்கள் வைத்திருக்கிற அளவுப்படி ஒரு சதுர மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் கல் 0.010 கன மீட்டர், தார் 1 கிலோ. 6 மில்லிமீட்டர் கல் என்றால் 0.004 கன மீட்டர், தார் முக்கால் கிலோ. 600 சதுர அடி என்பது ஏறக்குறைய 56 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் அரை இஞ்ச் ஜல்லி 20 கன அடி, சிப்ஸ் 8 கன அடி. சேதாரம் சேர்த்தாலும் 32 கன அடிக்கு மேல் போகாது. மிச்சம் முழுவதும் என் வாசலில் மூன்று வருடம் குவியலாகக் கிடந்தது.

எமல்ஷனில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்பதால், 1 கிலோ தாருக்கு ஒன்றரை கிலோ எமல்ஷன் வேண்டும். அப்படி முதல் பூச்சுக்கு 84 கிலோ, இரண்டாவதுக்கு 63 கிலோ. 200 கிலோ டிரம் ஒன்று வாங்கினால் ஒட்டு வேலைக்கும் சேர்த்துப் போதும். பழைய தார் வெளிறிச் சாம்பல் நிறமாக இருந்தால் கொஞ்சம் குடிக்கும், அதற்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம்.

கல்லைக் குளிப்பாட்டுவது

என்னுடைய முதல் வேலை ஏன் தோற்றது என்று மேஸ்திரியிடம் கேட்டேன். மிச்சம் கிடந்த குவியலில் இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தேய்த்து உள்ளங்கையைக் காட்டினார். சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது. "தார் கல்லுல ஒட்டலீங்ணா, இந்தப் பொடியிலதான் ஒட்டியிருக்கு. கல்லு குளிச்சாத்தான் தார் புடிக்கும்" என்றார்.

சல்லடையில் போட்டு, ஹோஸால் அடித்து, ஓடுகிற தண்ணீர் தெளியும்வரை கழுவினோம். 30 கன அடி கல்லுக்கு இரண்டு பேருக்கு அரை நாள் ஆனது. தார்ப்பாயில் பரப்பி ஒரு ராத்திரி வடிய விட்டோம். எமல்ஷனுக்குக் கல் எலும்பு காய வேண்டியதில்லை, தண்ணீர் சொட்டாமல் இருந்தால் சரி.

கழுவிய கல்லில் ஒரு கைப்பிடியை எமல்ஷனில் புரட்டி ஒரு நாள் காய விடுங்கள். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்கள். கறுப்பு அப்படியே இருந்தால் நல்லது. ஓரங்களில் கல் வெள்ளையாகத் தெரிந்தால் அந்தக் கல்லும் அந்தத் தாரும் ஒத்துப்போகவில்லை, அல்லது இன்னும் கழுவ வேண்டும். முதல் முறை யாராவது இந்த டம்ளர் சோதனையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடமும் பணமும் மிஞ்சியிருக்கும்.

ஊற்றுகிற நாள்

முந்தின நாளே டிரம்மை வெயிலில் வைத்து, இந்தப் பக்கம் பத்துத் தடவை அந்தப் பக்கம் பத்துத் தடவை உருட்டுங்கள். நாள்பட நின்றால் தார் அடியில் படிந்திருக்கும். பாதையை இரும்புத் துடைப்பத்தால் பெருக்கி, சாதாத் துடைப்பத்தால் பெருக்கி, கடைசியில் காற்று ஊதும் இயந்திரம் கிடைத்தால் ஊதியும் விடுங்கள். அப்புறம் பாதையைப் பத்தடிக்குப் பத்தடி கட்டங்களாக சாக்பீஸால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்துக்கு எமல்ஷன் 14 லிட்டர், ஜல்லி சிமென்ட் சாக்கு அளவில் இரண்டரைக்கு மேல், மூன்றுக்குள். கட்டத்துக்குக் கட்டம் சாக்குகளை ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் முதல் சொட்டை ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு கல்லைத் தேடி ஓடினால் வேலை போச்சு.

வீட்டின் பக்கம் இருந்து தொடங்கி கேட்டை நோக்கிப் பின்னால் நடந்து வாருங்கள். தொடங்குகிற கோட்டில் பழைய செய்தித்தாளை விரித்து, தாள் மேலேயே ஊற்ற ஆரம்பியுங்கள். தாளை எடுத்தால் கோடு கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் கடைசி நான்கு இஞ்சில் கல் தூவாமல் விட்டு, அடுத்த கட்டத்தோடு சேர்த்துத் தூவினால் நடுவில் மேடு வராது.

துளை பெரிதாக்கிய பூவாளியில் ஊற்றி, ரப்பர் வைப்பரால் இழுத்துப் பரப்பினோம். அந்த நேரத்தில் எமல்ஷனின் நிறத்தைக் கவனிக்க வேண்டும். ஊற்றும்போது காபி மாதிரி பழுப்பாக இருக்கும். சில நிமிடத்தில் ஓரங்களில் இருந்து கறுப்பு ஏற ஆரம்பிக்கும். தாரும் தண்ணீரும் பிரிகிற நேரம் அது, மேஸ்திரிகள் "உடையுது" என்பார்கள். பழுப்பாக இருக்கும்போதே கல் விழுந்துவிட வேண்டும். கறுத்த பிறகு போட்ட கல் மேலே உட்காரும், உள்ளே பிடிக்காது.

கல்லை வாரி இறைக்கக் கூடாது. சட்டியை இடுப்பில் வைத்து, எள் விதைக்கிற மாதிரி கையை வீசித் தூவ வேண்டும். ஒரு கல் கனம் மட்டும். கல்லின் மேல் கல் உட்கார்ந்தால், மேலே இருக்கிற கல் டயருக்கு அடியில் உருண்டு, ஒட்டின கல்லையும் பெயர்த்துவிடும். அங்கங்கே கொஞ்சம் கறுப்புத் தெரிந்தால் பரவாயில்லை, இரண்டாவது பூச்சில் நிறையும்.

கறுப்பு ஏற ஆரம்பித்ததும் உருட்டலாம். கிரிக்கெட் மைதானத்தில் இருக்கிற கை ரோலர் போதும். கனமான இரும்பு ரோலர் கல்லை நொறுக்கும். கல் வெள்ளையாகப் பொடிந்தால் உடனே நிறுத்துங்கள். ரப்பர் டயர்தான் கல்லை நன்றாகப் புரட்டி உட்கார வைக்கும். நாங்கள் அரை லோடு ஏற்றின குட்டியானையை (சின்ன லோடு வண்டி), டயரை நனைத்து, நடக்கிற வேகத்தில் தடம் மாற்றி மாற்றி ஓட்டினோம். டிராக்டர் வேண்டாம், அதன் பின் டயர் கல்லைப் பெயர்க்கும்.

மறுநாள் ஒட்டாத கல்லை மென்மையான துடைப்பத்தால் பெருக்கி எடுத்துவிட்டு, அதே முறையில் இரண்டாவது பூச்சு. கட்டத்துக்கு எமல்ஷன் பத்தரை லிட்டர், சிப்ஸ் ஒரு சாக்கு. இது சுலபமாகப் போகும், கை பழகியிருக்கும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, பழைய ஷூ எல்லோருக்கும் கட்டாயம். தோலில் பட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள், பெட்ரோல் போட்டுத் தேய்க்காதீர்கள். யாராவது காய்ச்சிய தாரில் வேலை செய்து சூடு பட்டுவிட்டால், ஒட்டின தாரைப் பிய்க்காமல் 20 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டி, அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

முதல் மாதம்

ஒரு நாள் முழுக்க வண்டி வேண்டாம். அப்புறம் ஒரு வாரம் மெதுவாக. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள், அந்த இடத்தில் கல் வட்டமாகக் கிளம்பும். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்க மாட்டார்கள் என்பதால் நாங்கள் கேட்டை ஒரு வாரம் பூட்டியே வைத்திருந்தோம். பைக்கின் சைட் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டு வையுங்கள்.

மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது சில இடத்தில் தார் மேலே கசிந்து மினுங்கும். கழுவின சிப்ஸையோ பருமணலையோ மத்தியான வெயிலில் அதன் மேல் தூவி மிதித்து விடுங்கள். அதற்காகவே இரண்டு சாக்கு சிப்ஸைக் கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள். மிஞ்சின எமல்ஷனை மூடி இறுக்கி நிழலில் வைத்து, அந்த மழைக்குள்ளேயே வெடிப்புகளுக்குத் தடவித் தீர்த்துவிடுங்கள். அடுத்த வருடத்துக்கு அது ஆகாது, டிரம்முக்குள்ளேயே கட்டியாகிவிடும்.